நேசம்மாவுக்கு நேப்பிள்ஸில் ஒட்டிய அறிவித்தல்

உருத்திரமூர்த்தி ஐயா மேல் எனக்கு ஆறு மாதமாகக் கோபம். நான் மாத்தளையில் அச்சகம் வைத்திருப்பவன். ஆனி மாதம் அவருடைய மனைவி நேசம்மா இறந்தபோது, முப்பத்தோராம் நாள் நினைவு மலரை நான்தான் அச்சடித்தேன். இத்தாலியில் இருக்கும் மகள் நிலக்ஷி, அம்மாவுக்காக நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தாள். செத்தவீட்டுக்கு வராதவளின் வரி வேண்டாம் என்றார் ஐயா. கூலிக்கு அச்சடிப்பவன் என்ன சொல்வது? எடுத்துவிட்டேன்.

அவள் வராத காரணம் அவருக்கும் தெரியும். தங்கும் அனுமதி அட்டை கைக்கு வராமல் வெளியேறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சுற்றறிக்கை சுற்றறிக்கையாகச் சட்டம் பேசிய மனிதருக்கு இந்த ஒரு சட்டம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. கார்த்திகையில் அட்டை கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. "நீங்களாவது வாங்கோ அப்பா" என்று டிக்கெட் அனுப்பினாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பத்து நாள் இருக்கும்போது, யாருக்கோ உபகாரம் செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

நேப்பிள்ஸ் முழுக்கக் கத்தோலிக்க ஊர். சந்துக்குச் சந்து மாதா கூடு, கடைக்குக் கடை பாலன் குடில், பல்கனிக்குப் பல்கனி வண்ண விளக்கு. மகளின் மூன்றாம் மாடிப் பல்கனி மட்டும் வெறுமையாக இருந்தது. அது அவரை உறுத்தியது. மாத்தளைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு இருக்கும் அலுவிகாரையில், பௌத்தர்களின் வெசாக் வந்தால் நேசம்மா தன் கையாலேயே காகிதம் ஒட்டி வாசலில் ஒரு வெசாக் விளக்குக் கூடு கட்டுவார். அயலவர்களின் பெருநாளுக்கு நம் வீடு இருட்டாக இருக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. போன வைகாசியிலும் கட்டினார். அதற்குப் பிறகுதான் படுத்தார்.

இருபத்து நான்காம் திகதி காலை நிலக்ஷி வேலைக்குப் போனதும், ஐயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள முதலாளியின் கடையைக் கண்டுபிடித்தார். சிங்களத்தில் பேரம் பேசி ஒரு விளக்குமாலை வாங்கிவந்து, கதிரை போட்டு ஏறிக் கட்டினார். நேசம்மா இருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று அவருக்குப் பெருமை வேறு.

மத்தியானம் வந்த மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆரப்பா இதைக் கட்டினது?"

"நான்தான். ஊரெல்லாம் வெளிச்சம், உன்ர வீடு மட்டும் ஏன் பிள்ளை இருட்டாக் கிடக்குது?"

"அம்மா செத்து ஒரு வருசம் ஆகேல்லையப்பா."

"அது எங்கட பண்டிகையளுக்குத்தானே. இது அவையின்ர நத்தார்."

"இந்தக் கட்டடத்திலயும் செத்தவீடெண்டால் விளக்குக் கட்டமாட்டினம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ்மாடித் தையல்காரி கொன்செத்தா, தேனில் உருட்டிய மாப்பண்டம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். பல்கனியைப் பார்த்துத் தயங்கி ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"துக்கம் முடிஞ்சுதோ எண்டு கேக்கிறா. இந்த வருசம் நாங்கள் பலகாரம் செய்யமாட்டம் எண்டுதான் கொண்டுவந்தவவாம்."

துக்க வீடென்று தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் தனக்குக் கொண்டுவந்து தந்த பலகாரத் தட்டு ஐயாவுக்கு நினைவு வந்தது. வெட்கத்தில் கதிரையைத் தேடினார், மாலையைக் கழற்ற.

"எங்கட வீட்டுத் துக்கம் இவவுக்கு எப்பிடித் தெரியும்?"

நிலக்ஷி அவரைக் கீழே கூட்டிப்போனாள். படிக்கட்டு தொடங்கும் சுவரில் கறுப்புக் கரையிட்ட ஒரு தாள், மேலே மாதா படம். பத்து நாளாகக் கோயில் அறிவித்தல் என்று நினைத்து அவர் கடந்துபோன தாள். இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசித்தார். நடுவில் பெரிதாக நேசம்மா. அதன்கீழ் கணவர் உருத்திரமூர்த்தி, மகன் நிரூபன், மகள் நிலக்ஷி. அடியில் இருந்த வரியை மகள் சொன்னாள்: இந்தக் கட்டடத்தில் குடியிருப்போர் அனைவரும் இத்துயரில் பங்குகொள்கிறோம்.

"இஞ்ச இருக்கிற சனம்தான் ஆனியில ஒட்டினவை. மூண்டு நாள் என்னை அடுப்பு மூட்ட விடேல்லை. கிழிக்கவும் மனமில்லையாம்."

முகம் தெரியாத மனிதர்கள் தன் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அவரோ பெற்ற மகளின் நான்கு வரியை எடுக்கச் சொன்னவர். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை, நீ எழுதி அனுப்பினதை நான் மலரில போடேல்லை."

"தெரியும் அப்பா. அண்ணா அப்பவே ஒரு மலர் அனுப்பினவர்."

தெரிந்துகொண்டேதான் டிக்கெட் அனுப்பியிருக்கிறாள்.

போன கிழமை அச்சகத்துக்கு வந்து, தொலைபேசியில் அந்தத் தாளின் படத்தைக் காட்டி, இதையெல்லாம் அவரே சொன்னார். ஆண்டுத் திவசத்துக்கு மலரைத் திரும்ப அடிக்கவேண்டுமாம்.

"தம்பி, அந்த நாலு வரி... அழிச்சுப்போட்டீரோ?"

அழிக்கவில்லை. கம்பியூட்டரைத் திறந்து காட்டினேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் எழுதியதை முதல் தடவையாக வாசித்தார்.