மேட்டுக்காட்டுப் பூவரசு

பாகம் பிரித்தபோது கணவரின் அண்ணனுக்கு வாய்க்கால் ஓரத்து வயல், எங்களுக்கு மேட்டுக்காடு. மோகனூருக்கு மேற்கே, காற்றை மறைக்க ஒரு புதர்கூட இல்லாத மேடு. கல்யாணத்துக்கு முன் என் அப்பா இடம் பார்க்க வந்தது தை மாதத்தில். அப்போது இலைகூட அசையவில்லை. முதல் ஆடிக்கு வழக்கப்படி என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்தால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அதுவரை வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

மேற்குப் பக்கம் மரம் வைத்தால்தான் குடியிருக்க முடியும் என்றாகிவிட்டது. வேப்பங்கொட்டை ஊன்றலாம் என்றேன்.

"கொட்ட மொளச்சு மரமாகறக்குள்ள நம்மளயே காத்து கொண்டு போயிரும் புள்ள" என்றார் கணவர்.

ஆற்றோரம் போய், தொடைப் பருமனில் பூவரசங் கிளைகளை வெட்டி வந்து வரிசையாக நட்டார். அவசரக்காரருக்கு ஏற்ற மரம், சீக்கிரமே துளிர்த்தது. காக்கை எச்சத்தில் அங்கங்கே வேப்பங்கன்றுகள் முளைத்தன. பூவரசுக்கு ஊற்றும் தண்ணீரை அவை குடித்துவிடுகின்றன என்று வருஷா வருஷம் பிடுங்கி எறிந்தார். எனக்கு எரிச்சல்தான். நிழல் வந்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஜோடி எருது. கிணற்றில் கவலை பூட்டி, தோல்பையை இழுத்துத் தண்ணீர் இறைப்பது அவைதான். அவை நின்றால் காட்டில் சோளமும் இல்லை, வீட்டில் சோறும் இல்லை.

ஓர் ஆடியில் காற்றோடு மழையும் சேர்ந்துகொண்டது. மண் இளகி, பெரிய பூவரசு வேரோடு கொட்டகைமேல் சாய்ந்தது. ஓர் எருதுக்கு முதுகு ஒடிந்துவிட்டது. சாயங்காலம் வரை உயிரோடு கிடந்தது. அதன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கணவர் மரத்தின் அடியைப் பார்த்தார். வேரெல்லாம் மேலாகப் படர்ந்திருந்தது, ஆணிவேர் இல்லை. கிளையை நட்டால் ஆணிவேர் எங்கிருந்து வரும்?

"நின்னிருக்க வேண்டியத எங் கையாலயே புடுங்கிப் போட்டேன்" என்றார்.

ஒற்றை எருதை வைத்துக்கொண்டு கவலை ஓட்ட முடியாது. இன்னொன்று வாங்க வழியில்லை. பயிர் கருகியது. தை பிறப்பதற்குள் காடு அண்ணன் கைக்குப் போயிற்று. நாங்கள் பள்ளிபாளையத்துக்குக் கூலிக்குப் போனோம். கிளம்பும் நாளில், வேலியோரம் அவர் கைக்குத் தப்பியிருந்த ஒரு வேப்பங்கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். இனி இது யாருக்கு என்று கேட்டேன். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

அந்த வேம்பு இன்றும் எந்த ஆடிக்கும் அசையாமல் நிற்கிறது. அண்ணன் வீட்டு எருதுகள் அதன் நிழலில் படுத்து அசைபோடுகின்றன. நல்ல மரம். ஊருக்குப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதை வெட்டிப்போடத் தோன்றுகிறது.