ஒழுங்காகத் தோற்ற அசகேல் டவர்

மாசசூசெட்ஸின் மேற்கு மலைப்பகுதியில் ஜனங்களுக்கே பேச்சு குறைவு. அங்கேயும் பேசாதவர் என்று பெயர் வாங்கியவர் அசகேல் டவர். எருதுகளைப் பழக்குவார். ஊருக்கு வேலி மேற்பார்வை அவர்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டம்தோறும் கைதூக்கி அவரையே தேர்ந்தெடுப்பார்கள். யார் வேலி தாழ்வு, யார் பசு யார் சோளத்தில் வாய் வைத்தது என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்கென்று நல்ல கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்.

"ராஜா பவனி வர்றாரு," என்பாள் மனைவி கெசையா.

"ராஜாவத்தான் தொரத்தியாச்சே," என்பார் அவர். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

1788 குளிர்காலத்தில், புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய ஒவ்வொரு ஊரும் பாஸ்டனுக்கு ஆள் அனுப்பவேண்டியிருந்தது. ஊர் முழுக்க அதற்கு எதிர்ப்பு. வருஷா வருஷம் தேர்தல் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். இந்தச் சட்டத்திலோ கீழவைக்கு இரண்டு வருஷம், குடியரசுத் தலைவருக்கு நாலு, மேலவைக்கு ஆறு. வாய் திறந்து பேச, பிடித்த சாமியைக் கும்பிட உரிமை உண்டென்று ஒரு வரிகூட இல்லை.

"அசகேல அனுப்புவோம்," என்றார் கூட்டத்தை நடத்திய தேவாலயப் பெரியவர் டீக்கன் வார்ட்வெல். "பாஸ்டன்காரன் பேசியே ஆள மயக்குவான். இவன்கிட்ட அது நடக்காது. எங்கொப்புராண, இவன் காதுலயே வாங்கமாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். அசகேல் கோட்டை எடுத்துக்கொண்டார்.

கெசையாவுக்குச் சட்டத்தைப் பற்றிய கவலை இல்லை. அவள் கவலை தம்பி ரூபஸைப் பற்றி. கடன் வழக்குகளால் நிலம் பறிபோவதைப் பொறுக்காமல் முந்தின வருஷம் விவசாயிகள் கலகம் செய்தபோது, தொப்பியில் ஊசியிலைக் கொப்பைச் செருகிக்கொண்டு கோர்ட்டை மூட முன்னால் போனவன் அவன். படை வந்ததும் கூட்டம் சிதறியது. ரூபஸ் பனிக்காட்டில் ஒளிந்துகிடந்து, ஒரு காதின் நுனியை உறைபனிக்குக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு மன்னிப்பு வாங்கி வந்தான். காதைக் கழுவிக் கட்டியவள் கெசையா. துப்பாக்கியை மட்டும் அவன் ஒப்படைக்கவில்லை. வைக்கோலுக்கு அடியில் இருந்தது.

"இன்னொரு தடவ போனா மன்னிப்பு கெடயாது, கயிறுதான்," என்றாள் கணவரிடம், சறுக்கு வண்டியில் கம்பளியை ஏற்றியபடி. "அங்க நீங்க என்ன வேணா பண்ணுங்க. இவன் அத எடுக்காம இருக்க ஒரு வழியோட வாங்க."

பாஸ்டனில் மாநாடு ஒரு மாதம்போல நடந்தது. சூடில்லாத தேவாலயம், முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்கள், அத்தனை பேருக்கும் இருமல். டீக்கன் நினைத்ததற்கு மாறாக அசகேல் எல்லாவற்றையும் காதில் வாங்கினார். இரண்டு அவையும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டால் தலைவர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால் அந்த மறுப்பையும் மீறலாம். தலைவர் தப்பு செய்தால் விசாரித்து இறக்கலாம். எழுதியவர்கள் ஒருவரையும் நம்பாமல் எழுதியிருந்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. உரிமைகள் விட்டுப்போனது பிடிக்கவில்லை. அவற்றைப் பிற்பாடு சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைப்போம் என்றார்கள். கேட்டுக்கொள்வது வேறு, எழுதியிருப்பது வேறு என்று நினைத்தார். பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து, "வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வேண்டும் என்றவர்கள் நூற்று எண்பத்தேழு. வேண்டாம் என்றவர்கள் நூற்று அறுபத்தெட்டு. மணிகள் அடித்தன.

பிறகுதான் அவர் எதிர்பாராதது நடந்தது. தோற்ற பக்கத்தில் சிலர் எழுந்து, நாங்கள் சொன்னதைக் கேட்டீர்கள், எண்ணிக்கையில் தோற்றோம், ஊருக்குப் போய் ஜனங்களை அமைதிப்படுத்துவோம் என்றார்கள். கடைசியில் தன் முழங்காலும் நிமிர்வதை அசகேல் கண்டார்.

"நானும் தோத்துட்டேன்," என்றார். "ஒழுங்காத்தான் தோத்தேன்."

வீடு வந்தபோது நெஞ்சில் சளி, இரண்டு கால்விரல்களில் உணர்ச்சி இல்லை. கெசையா வாத்துக் கொழுப்பை நெஞ்சில் தேய்த்து, வெங்காயச் சாற்றைக் குடிக்கவைத்து, பாதங்களைக் குளிர்நீரிலிருந்து மெல்ல மெல்லச் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்போதெல்லாம் அதுதான் வைத்தியம். பாதி வேலையில் ரூபஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொப்பியில் பச்சைக் கொப்பு.

"எதிர்த்து ஓட்டுப் போட்டீங்க, சரி மச்சான். அப்பறம் எந்திரிச்சுக் கும்பிடு வேற போட்டீங்களாமே?"

"கும்பிடல. தோத்துட்டேன்னு சொன்னேன்."

"அத எதுக்கு வாயால சொல்லணும்? பேசாமடந்தைக்கு அங்க போயித்தான் வாய் வந்துச்சா?"

"கதவச் சாத்துடா," என்றாள் கெசையா. "சளி புடிச்ச மனுசன்."

ரூபஸ் சாத்தினான். "விடிஞ்சா இருபது பேர் துப்பாக்கியோட கெளம்புறோம்," என்றான்.

கெசையாவின் கை பாதத்தின் மேல் அப்படியே நின்றது. அசகேல் கொஞ்ச நேரம் இருமினார்.

"பத்துப் பேர்," என்றார். "பத்தே பேர் இந்தப் பக்கம் மாறியிருந்தா நாமதான் ஜெயிச்சிருப்போம். பேசி மாத்தியிருக்கலாம். எனக்குப் பேச வரல. அது என் தப்பு."

"பத்துப் பேர நான் சுட்டுக்கூடக் கொறைப்பேன்."

"சுடு. அவன் பொண்டாட்டி, புள்ள, மாமனாரு ஒருத்தனும் சாகுறவரைக்கும் உன் பக்கம் வரமாட்டான்." அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான பேச்சு அதுதான், இன்னும் முடியவில்லை. "உனக்குக் கோவம் என்மேல. மார்ச்சுல கூட்டம் வருது. என்னை வேலி வேலையிலேர்ந்து எறக்கு. வீடு வீடாப் போய்ப் பேசு. துப்பாக்கி எதுக்கு?"

"என்னால முடியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஓட்டுக் கேட்டுப் பாத்ததே இல்லையே."

கெசையா கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வேலையை அவர் எப்படி நேசித்தார் என்பது அவளுக்குத்தான் தெரியும். வெந்நீர் எடுக்கப் போனாள்.

விடிந்தது. ரூபஸ் கிளம்பினான்; டீக்கன் வீட்டுக்கு. அங்கிருந்து மாவு ஆலைக்கு, அங்கிருந்து கொல்லனிடம். மார்ச் வரை அவன் வீட்டில் சாப்பிட்டது குறைவு. போகிற வீடெல்லாம் பன்றிக்கறியும் பீன்ஸும் போட்டு, மச்சானைத் திட்டுவதைக் கேட்டார்கள். துப்பாக்கியோடு கிளம்பவிருந்த இருபது பேரையும் அவன் இந்த வேலையில் இழுத்துவிட்டிருந்தான்.

மார்ச்சில் வேலி மேற்பார்வைக்குக் கைகளை எண்ணினார்கள். ரூபஸ் தாராளமாக ஜெயித்தான்.

"அசகேல், ஏதாச்சும் சொல்றியா?" என்று கேட்டார் டீக்கன்.

"தோத்துட்டேன்," என்றார் அசகேல். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக ரூபஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கெசையா வற்புறுத்தவில்லை, மூடி வைத்தாள்.

பனி உருகியதும் ரூபஸ் ஒரு கோலோடு வந்து, அசகேலின் வடக்கு எல்லையில் நின்றான்.

"மச்சான், மேல்கட்டை விழுந்து கெடக்கு. வேலி தாழ்வு. சரி பண்ணணும்."

ரூபஸின் வேலி இதைவிட மோசம் என்று அசகேலுக்குத் தெரியும். "சரி," என்று கட்டையைத் தூக்கப் போனார்.

"சண்டைக்கு வருவீங்கன்னு நெனச்சேன்."

"அடுத்த மார்ச்சுல வர்றேன்."

ரூபஸ் தலையைச் சொறிந்தான். பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டையின் மறுமுனையைப் பிடித்தான்.

கெசையா சோள ரொட்டியும் ஆப்பிள் சைடரும் கொண்டுவந்தாள். "அந்தத் துப்பாக்கி எங்கடா?" என்றாள் தம்பியிடம்.

"அடுப்புக்கு மேல மாட்டியாச்சு. நரிக்கு. வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்."

அவள் நம்பவில்லை. மறுநாள் போய் நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தூங்கினாள்.

அடுத்த மார்ச்சிலும் அசகேல் தோற்றார். அதற்கடுத்த மார்ச்சில் ஜெயித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக ரூபஸின் வேலியைப் பார்க்கப் போனார்.