பீரோவின் இரண்டாவது சுற்று

பல் துலக்கும்போது பீரோ ஒற்றைக் காலில்தான் நிற்பார். மேல்வரிசைக்கு வலது கால், கீழ்வரிசைக்கு இடது கால். குதிகாலைத் தூக்கி, மொத்த உடம்பையும் விரல்களின் மேல் நிறுத்தி, வாய் நிறைய நுரையோடு அசையாமல் இருப்பார். குளியலறைக் கதவைத் தட்டுவார் மனைவி.

"ஏங்க, பல்லு வெளக்குறீங்களா, தவம் பண்றீங்களா?"

உள்ளேயிருந்து பிரஷ்ஷைக் கடித்தபடி ஏதோ ஒரு பதில் வரும். எந்த மொழி என்று சொல்ல முடியாது.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். சொந்தமாக ஒரு லாரி. கூட்டாளி, மனைவியின் தம்பி. எப்பேர்ப்பட்ட பீரோவையும் முதுகில் பட்டையைக் கட்டித் தனி ஆளாக மாடி ஏற்றிவிடுவார் என்பதால் இந்தப் பட்டப்பெயர் வந்ததாக அவர் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே வெளிச்சம் குறைந்துவிடும். இரண்டாவது காரணத்தை யாரும் கேட்பதில்லை. வயது நாற்பதை எட்டப்போகிறது. சிரித்தால் கண்கள் இரண்டும் கன்னத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வாரத்தில் சில நாட்கள், வேலை முடிந்து லாரியை நிறுத்திய கையோடு பாலே நடனம் ஆடப் போய்விடுவார்.

அதற்குக் காரணம் ஒரு நிலைக்கண்ணாடி. நடனப் பள்ளிக்கு அதை இறக்கி வைக்கப் போனபோது உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆடவேண்டிய பையனுக்கு மணிக்கட்டு சுளுக்கு. அவரைவிடப் பத்து வயது இளையவரான டீச்சர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அதைத் தூக்கி வந்த கைகளைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணைத் தூக்கி அப்படியே அந்தப் பக்கம் வைக்க முடியுமா?"

"எத்தனாவது மாடிக்குங்க?" என்று கேட்டார் பீரோ.

ஃபிரிட்ஜைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினார்: முழங்காலை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்து, ஆட்டம் அசைவு இல்லாமல். கீழே இறங்கிய பெண், "பயமே இல்லாம இருந்துச்சு டீச்சர், லிஃப்ட்ல போன மாதிரி" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் யாரையாவது தூக்கவும் இறக்கவும் அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எல்லாரையும் எல்லாத்தையும் தூக்கியாச்சு. ஒரு தடவை என்னையே தூக்கிப் பாக்கணும் போல இருக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. பயிற்சிக்காகச் சுவரோரம் போட்டிருந்த கம்பியைப் பிடித்து நிற்கச் சொன்னார்.

எழும்புவதில் பீரோவுக்குக் குறையே இல்லை. வருடக்கணக்காகப் படியேறிய தொடைகள். தரையை உதைத்தால் ஆள் மேலே போய்விடுவார். இறங்குவதுதான் சங்கடம். அவர் இறங்கினால் பியானோ வாசிப்பவரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும். "பாதத்தை ஒரேயடியாப் போடாதீங்க அண்ணே. விரல், பாதம், கடைசியா குதிகால். முழங்கால் மடங்கி வாங்கிக்கணும். கண்ணாடிச் சாமான எப்படி எறக்குவீங்க?" என்றார் டீச்சர். "மூச்ச விடாம எறக்குவேன்." "அந்தக் கண்ணாடி நீங்கதான்."

வீட்டில் பழகினார். கீழ்வீட்டம்மா ஒட்டடைக் கம்பால் தன் கூரையை இடித்துப் பதில் சொன்னார். இவர் ஒரு குதி, அந்த அம்மா ஒரு இடி. சில மாலைகளில் இரண்டும் தாளம் தப்பாமல் போகும். வாரங்கள் போகப்போக இடி குறைந்தது. ஒரு சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டம்மா, கவலை தோய்ந்த முகத்தோடு.

"என்னப்பா, உடம்புக்கு எதும் முடியலையா? கொஞ்ச நாளா சத்தமே காணோம்!"

பீரோ அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் அப்போதுதான் அவர் அரைமணி நேரம் விடாமல் குதித்து முடித்திருந்தார்.

அந்த வருட நிகழ்ச்சியில் டீச்சர் அவருக்கென்று ஒரு சிறிய தனி ஆட்டம் வைத்தார். அதன் முடிவில், நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பி, காற்றிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். ஆண்கள் ஆடும் பாலேயில் இது பெரிய சோதனை. பீரோ ஒரு சுற்று சுற்றிவிடுவார். இரண்டாவது சுற்றில் எங்கே போய் விழுவார் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை, வண்ணம் தீட்டி வைத்திருந்த அட்டை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"தரையிலேயே தோளத் திருப்பிடுறீங்க. முதல்ல மேல போங்க, அப்புறம் திரும்புங்க. கையச் சட்டுனு நெஞ்சுக்கிட்ட கொண்டு வாங்க. முக்கியமா கண்ணு. எதிர்ல ஒரு இடத்தைப் பிடிச்சுக்கணும். உடம்பு திரும்பினாலும் தலை கடைசி வரைக்கும் அங்கேயே நிக்கணும், அப்புறம் எல்லாத்துக்கும் முந்தித் திரும்பி வந்து அதே இடத்தைப் பாக்கணும். இல்லேன்னா தலை சுத்தத்தான் செய்யும்" என்றார் டீச்சர்.

வீட்டில் அந்த இடமாக மனைவியின் முகம் அமைந்தது. முடிதிருத்தும் நிலையத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அலுப்போடு அவர் அடுப்படியில் நிற்பார். கூடத்திலிருந்து கணவர் சுற்றிச் சுற்றி அவரையே முறைப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடிகூட இப்படி பாத்ததில்ல" என்று சொல்லி, சரியாக இரண்டாவது சுற்றில் நாக்கைத் துருத்திக் காட்டுவார் மனைவி. பீரோ சிரித்தபடி சோபாவில் சாய்வார். ஆனாலும் பிடி கிடைத்துவிட்டது.

மைத்துனனுக்கு மட்டும் இதெல்லாம் ஒட்டவே இல்லை. "இறுக்கமா கால்சட்டை போட்டுக்கிட்டு நீங்க மேடையில நிக்கறத நம்ம வாடிக்கைக்காரங்க யாராவது பாத்தா என்ன ஆகும் மச்சான்? நான் வரமாட்டேன். என்னைக் கூப்பிடவே கூப்பிடாதீங்க."

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அரங்கத்தில் ஒத்திகை. பீரோ எழும்பினார், திரும்பினார், எதிரே பார்த்தார். எதிரே ஒன்றுமே இல்லை. முகத்தில் விளக்கு, அதற்கப்பால் கும்மிருட்டு. கண் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் மேடையோரம் போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் பக்கத்தில் வந்து குந்தினார். "பின்சுவர்ல ஒரு சின்ன விளக்கு வைக்கக் கேட்டேன், அரங்கத்துக்காரங்க முடியாதுன்னுட்டாங்க. ஒரு சுத்தோட நிறுத்திக்கலாமா அண்ணே? யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றார் பீரோ. அன்று இரவுச் சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். மனைவிக்கு அது புதிது. தட்டு காலியாவதைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். விடாமல் கேட்டு, இருட்டு விஷயத்தை அவர் வாயிலிருந்து வரவழைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மனைவி தம்பிக்குப் போன் போட்டார். "சாயங்காலம் வேலைச் சட்டையோட வா. வெளிச்சம் பட்டா பளிச்சுனு மின்னுதே, பட்டை போட்ட அந்த மேல்சட்டை. பின்சுவர் ஓரமா நட்டநடுவுல நில்லு. ஆட்டம் முடியற வரைக்கும் அசையக் கூடாது."

"நான் என்ன ரோட்டுல தோண்டிப் போட்ட பள்ளமாக்கா, மின்னிக்கிட்டு நிக்க?"

"ஆமாடா. வா."

வந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தான். இடம் காட்டும் பெண் இருக்கையைக் காட்டியபோது, "இல்லைங்க, என்னை நிக்கத்தான் வரச் சொன்னாங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பீரோவின் முறை வந்தது. முதல் தாவல் முடிந்தபோது முன்வரிசையில் யாரோ "அம்மாடி" என்றார்கள். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு உயரம் போய், சத்தமே இல்லாமல் இறங்கியதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசி இடம். கால்களைச் சேர்த்து நின்றார். இருட்டின் அடியாழத்தில், மேடை வெளிச்சம் பட்டு, குறுக்கே இரண்டு வெள்ளிக் கோடுகள் மின்னின. பீரோ முழங்காலை மடக்கினார். குதிகாலைத் தரையில் நன்றாக அழுத்தினார். மேலே போனார். வெள்ளிக் கோடு போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. முழங்கால் மடங்கித் தரையைத் தொட்டபோது நேரே பார்க்க வேண்டிய உடம்பு கொஞ்சம் கோணலாக இருந்தது உண்மைதான். ஆனால் சுற்று இரண்டு. அதில் சந்தேகமே இல்லை.

கூட்டம் எழுந்து கைதட்டியது. பின்சுவரோரம் மட்டும் ஒருவன் தட்டவில்லை. அசையக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால், திரை விழுந்த பிறகும் விறைப்பாகவே நின்றான். கன்னம் மட்டும் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவும் கையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு வீட்டுக்கு நீள சோபா ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில், படி திரும்பும் இடத்தில் மைத்துனன் தன் பக்கத்தைக் கீழே வைத்தான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தார் பீரோ. அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மச்சான், உடம்பு பூரா முதல்ல போயிட்டு தலை மட்டும் கடைசியாப் போச்சே... அது எப்படி?"

மேலேயிருந்து வீட்டுக்கார அம்மாள், "சோபா வருதா, வரலையா?" என்று குரல் கொடுத்தார். "வந்துக்கிட்டே இருக்குங்க" என்றார் பீரோ. சோபாவைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு மைத்துனனின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கம் மெதுவாகத் திருப்பினார்.