பழக வந்தவளின் கூலி

சிவனாண்டி முதலாளி எனக்குப் பதினோரு மாதக் கூலி பாக்கி. அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது, பாக்கி அப்படியேதான் இருக்கிறது. கேட்காமல் விட்டவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது. கேட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள், தெருவே பார்க்கக் கேட்டேன்.

எனக்கு அப்போது வயது பதினாலு. பனவடலிசத்திரத்தில் மழை இல்லாமல் போய், அப்பா உழவு மாட்டை விற்று, விற்ற காசும் தீர்ந்த பிறகு சங்கரன்கோவிலுக்கு நடந்தே வந்தேன். சிவனாண்டி முதலாளி தன் கைத்தறிக் கூடத்தில் சேர்த்துக்கொண்டார். "பழகுலே. பழகுத வரைக்கும் மத்தியானம் சோறு உண்டு, கூலி கிடையாது" என்றார். சரி என்றேன். மூன்றாம் மாதமே நான் நெய்த வேட்டி கடைக்குப் போய்விட்டது. பழகுகிறவன் நெய்தது என்று எந்தக் கடைக்காரரும் விலையைக் குறைக்கவில்லை. முதலாளியும் குறைத்து விற்கவில்லை. பதினோரு மாதம் கழித்து, தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், கூலி கொடுங்கள் என்று நின்றேன்.

"ஏலே, பழகுதவனுக்கு என்னலே கூலி? நியாயமாப் பாத்தா நீதான் எனக்கு வெத்தல பாக்கு வச்சித் தரணும்."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அழவில்லை. "ஒரு நா எனக்கும் தறி இருக்கும் மொதலாளி. அதுல பழக வாரவனுக்கு மொத நாள்லயே கூலி உண்டு" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் பின்னால் என்னிடம் வந்து கடன் கேட்டார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். வேறு கூடங்களில் பதினைந்து வருஷம் கூலிக்கு நெய்தேன். விசைத்தறி என்றால் கரண்டு அடித்துச் சாக வேண்டியதுதான் என்று ஊர் பயந்துகொண்டிருந்த நாளில், கோயம்புத்தூரில் ஒருவர் கழித்துப் போட்ட தறி ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். ஒன்று மூன்றானது. மூன்று பத்தானது. நான் ஐந்தாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். எனக்குக் கணக்கு எழுதுகிறவர் பி.காம். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தெருவில் சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன். என் ஷெட்டில் பழக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அரைக் கூலி, பிறகு நெய்கிற துண்டுக்கு இவ்வளவு என்று முழுக் கூலி. மற்ற முதலாளிமார் கூடி வந்து, என் பெயரைச் சொல்லியே, "பிச்சையா தொழிலைக் கெடுக்கான்" என்றார்கள். கெடுக்கிறேன், போங்கள் என்றேன். நாலைந்து வருஷத்தில் நல்ல ஆட்கள் எல்லாம் என் ஷெட்டுக்கே வரப் பார்த்ததால், அவர்களும் வேறு வழியில்லாமல் அரைக் கூலி கொடுக்கத் தொடங்கினார்கள். சிவனாண்டி முதலாளியின் மகன் மட்டும் கடைசியாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்.

எழுபத்தொன்பதில் மதுரையில் ஒரு காலேஜிலிருந்து பெருமாள்சாமி என்று ஒரு புரொபசர் வந்தார். டென்மார்க் தேசத்துப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஏழு பேர் நம் பக்கம் வந்திருக்கிறார்களாம். வகுப்பில் உட்கார்ந்து படிப்பது போதாது, வேறு நாட்டில் ஆறு வாரம் இருந்து, ஊர்க்காரர்களோடு வேலை செய்து, அப்படிப் படிக்க வேண்டுமாம். அதற்கு மார்க்கும் உண்டாம். ஒருவனை ஆஸ்பத்திரியில் விட்டாயிற்று, இரண்டு பேரை வயலில் விட்டாயிற்று. ஒரு பெண் மட்டும் தறிதான் வேண்டும் என்று நிற்கிறாள், ஆனால் எந்த ஷெட்டிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

"பொம்பளப் பிள்ள, வெளிநாட்டுக்காரி, கைய கிய்ய விட்டுட்டா யாரு பதில் சொல்லுததுன்னு பயப்படுதாங்க அண்ணாச்சி" என்றார்.

"இங்கன கூட்டிட்டு வாரும்" என்றேன். ஐந்தாம் வகுப்பு முடிக்காதவன் வாசலுக்குப் பல்கலைக்கழகம் வருகிறது என்றால் வேண்டாம் என்பேனா?

அவள் பெயர் மார்கிட். ஷெட்டுக்குள் வந்த முதல் நாளே அது மார்க்கெட் ஆகிவிட்டது. வயது இருபத்தொன்று இருக்கும். மதுரையில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். முடியைக் கட்டாமல் தறிப் பக்கம் வரக் கூடாது என்றேன். மறுநாள் ஒரு துண்டை முண்டாசாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கடையநல்லூர் முகம்மது மைதீன் என் ஷெட்டில் நல்ல தறிக்காரர், வாய் அதைவிட நல்ல வாய். "மொதலாளி, புது மேஸ்திரி வந்தாச்சி, இனி ஒம்ம வேலைக்கு ஆபத்து" என்றார்.

முதல் இரண்டு வாரம் என் ஷெட்டில் வேலை பார்த்த ஞானபூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பதுதான் தார். ஞானபூரணம் வீட்டிலேயே தங்கவும் செய்தாள். மூன்றாம் வாரம் மைதீனிடம் போய், எனக்குத் தறி வேண்டும் என்றாள். அவர் தன் பக்கத்துத் தறியைக் காட்டினார். முதலில் இழை அறுந்ததெல்லாம் இவள் கண்ணுக்குத் தெரியவில்லை, துண்டில் கோடு விழுந்தது. பிறகு அறுவதற்கு முன்பே தெரிகிற மாதிரி பதறி, அடிக்கடி தறியை நிறுத்தினாள். நாலாம் வாரம் தறி ஓடியது. அவள் நெய்த துண்டு மற்றவர்கள் நெய்த துண்டோடு கட்டுக் கட்டாகக் கடைக்குப் போனது.

அவள் வந்த முதல் சனிக்கிழமையே கூலி கொடுக்கும்போது அவளையும் கூப்பிட்டேன். அன்றைக்குப் பெருமாள்சாமி பார்க்க வந்திருந்தார். குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, காசெல்லாம் குடுக்கப்படாது. இது அனுபவக் கல்வி. அவ பழக வந்திருக்கா. பழகுதவளுக்கு எதுக்குக் கூலி?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் வழி தெரிந்து என் ஷெட்டுக்கே வந்துவிட்டது! எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் அவர் படித்தவர், விருந்தாளியாக வந்தவர். அவள் கூலியைத் தனியாக எடுத்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் எடுத்து வைத்தேன்.

நாலாவது சனிக்கிழமை சாயங்காலம் ஞானபூரணம் அழுதுகொண்டு வந்தாள். அவள் மகள் எஸ்தர், சிவனாண்டி மகன் ஷெட்டில் தார் பழகச் சேர்ந்திருந்தாள். என் ஷெட்டில் அப்போது இடம் இல்லை. ஒரு வாரம் வேலை பார்த்த பிள்ளையை அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"'சீமையில இருந்து ஏரோப்பிளேன் ஏறி வந்தவளே பிச்சையா ஷெட்டுல சும்மா பழகுதா. நீ பக்கத்துத் தெருவுல இருந்து நடந்து வந்தவ. ஒனக்கு என்னட்டி கூலி?'ன்னு கேட்டாராம். இனிமே பழகுதவ யாருக்கும் கூலி கிடையாதுன்னுட்டாராம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பிள்ள எங்க வீட்லதான் சாப்பிடுது, எனக்கு அது மேல வருத்தம் இல்ல. ஒங்க மேலதான் வருத்தம், மொதலாளி."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பத்துத் தறியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர் முதலாளிமாரோடு நான் சண்டை போட்டுக் கொண்டுவந்த வழக்கம், என் ஷெட்டை வைத்தே உடைகிறது. இதை விட்டுவிட்டால் நானும் சிவனாண்டி முதலாளியும் ஒன்றுதான்.

மறு வாரம் பெருமாள்சாமி வந்ததும் நேராகவே சொன்னேன். கடைசிச் சனிக்கிழமை அவளுக்கு ஆறு வாரக் கூலி கொடுக்கப் போகிறேன் என்று.

"விசாவுல கூலி வேல செய்யப்படாதுன்னு இருக்கு அண்ணாச்சி. சட்டம்."

"வேல வாங்கும்போது சட்டம் எங்க போயிருந்துச்சி? காசு குடுக்கும்போதுதான் முழிக்குமோ?"

"வேணும்னா நல்ல பட்டுச் சேல ஒண்ணு எடுத்துக் குடுங்க. அன்பளிப்பு. அதுக்குத் தடையில்ல."

"சேல விருந்தாளிக்கு. இவ என் தறியில நின்னவ. அவ நெய்ஞ்ச துண்டு என்ன அனுபவத் துண்டா? நான் அத அனுபவ வெலைக்கா வித்தேன்?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "நான்தான் அவங்க பல்கலைக்கழகத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். விதிய மீறிட்டான்னு எழுதினா இந்த ஆறு வாரத்துக்கு அவளுக்கு மார்க்கே கிடையாது. ஒங்க வீம்புக்கு ஒரு பிள்ள படிப்பக் கெடுக்கலாமா?"

மார்க்கு என்னுடையது இல்லையே. ஆகவே அவளையே கூப்பிட்டேன். பதினோரு மாதக் கதையை, எஸ்தர் கதையை, மார்க்கு போகும் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத இடத்தைப் பெருமாள்சாமியே இங்கிலீஷில் சொன்னார், அதையும் நேர்மையாகத்தான் சொன்னார். "கடைசிச் சனிக்கிழமை கூலி வரிசையில நிக்கணும்னா நில்லு. நிக்கலன்னா எனக்குக் கோவம் இல்ல" என்றேன். அவள் தறிக்குத் திரும்பிப் போய்விட்டாள். மூன்று நாள் அந்த முண்டாசு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. நடக்கப் போவதை எப்படியோ தெரு மோப்பம் பிடித்திருந்தது. ஞானபூரணம் எஸ்தரைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். தெருவின் எதிர்ச் சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிவனாண்டி மகனும் நின்றார். எஸ்தருக்கு அவர் அடுத்த வாரமே பாக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் பற்றித் தப்பாக எழுதினேன் என்பார். ஏன் கொடுத்தார் என்பது இனி வருகிறது.

தறிகள் நின்றன. ஆட்கள் வரிசையில் வந்தார்கள். மைதீன் வாங்கினார், ஞானபூரணம் வாங்கினாள். வரிசையின் கடைசியில் முண்டாசு. பெருமாள்சாமி அவளிடம் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"சார், இதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க. நானும் எழுதுதேன்."

எங்கள் ஊர்ப் பேச்சிலேயே 'எழுதுதேன்' என்று கேட்டதும் ஷெட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கூலி கொடுக்கும்போது நான் சிரிப்பதில்லை.

"ரெண்டு வாரம் அரைக் கூலி, பெறவு துண்டுக் கணக்கு. ஆக நூத்தி நாப்பது ரூவா. சேதம் ரெண்டு துண்டு. துண்டுக்கு நாலு ரூவா பிடிச்சாச்சி. மிச்சம் நூத்தி முப்பத்திரெண்டு."

விருந்தாளி என்று சேதத்தை விட்டிருக்கலாம் என்று மைதீன் பின்னால் சொன்னார். விட்டிருந்தால் அது கூலியாக இருந்திருக்காது. அவள் நான் எடுத்து வைத்த இரண்டு சேதத் துண்டையும் விரித்துப் பார்த்தாள். ஒன்றை மடித்து என் பக்கம் தள்ளினாள். மற்றதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது நான் இல்ல. பாவு சரியில்ல, வே!"

சேக்காளிகளைக் கூப்பிடுகிற மாதிரி முதலாளியைப் பார்த்து 'வே' என்று சொன்னவர் அதுவரை அந்த ஷெட்டில் இல்லை. மைதீன் மெல்லத் தறிக்குப் பின்னால் ஒதுங்கினார், அந்தச் சொல்லை அவள் யார் வாயிலிருந்து கற்றாள் என்று எல்லோருக்கும் தெரியும். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் நான் பூட்டிக் கொடுக்கிற நூல். அது சரியில்லை என்றால் குற்றம் என் தலையில். துண்டு கெட்டால் பாவு மேல் பழி போடாத தறிக்காரன் இந்த ஊரில் பிறந்ததில்லை. நானே சிவனாண்டி முதலாளியிடம் எத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறேன்!

"கேட்டீரா புரொபசர்?" என்றேன். "இப்பதான் இவ தறி பழகி முடிச்சிருக்கா. மார்க்கு போடுதீரோ போடலையோ, ஒம்ம இஷ்டம்."

பெருமாள்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பாவம், அவராலும் முடியவில்லை. துண்டை வாங்கிப் பார்த்தேன். பாவுதான் சரியில்லை. நாலு ரூபாயைத் திரும்பச் சேர்த்தேன்.

"கைய நீட்டு" என்றேன்.

நீட்டினாள். நூல் அறுத்த தழும்பு விரலில் இருந்தது. வாசலில் எஸ்தர் எட்டிப் பார்த்தாள், எதிர்ச் சாரியில் சைக்கிள் நகரவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணினேன். பத்து ரூபாய் நோட்டு பதிமூன்று, அதன் மேல் இரண்டு ரூபாய் நோட்டு மூன்று. ஒவ்வொன்றாக, விரித்த அந்தக் கையில் வைத்தேன்.