சுணைக்குப் பயந்து சாத்திய ஜன்னல்

போன வாரம் பாபநாசத்தில் ஒரு புது வீட்டைப் பார்க்கப் போய், தலைவலி வாங்கிக்கொண்டேன். வீடு என் மைத்துனர் செந்திலுடையது. பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் மகளுக்கு அப்போதுதான் தலைப்பிரசவம். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையோடு நேராக இந்த வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்காகவே அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்து, பிளைவுட் அலமாரி போட்டு... மனிதர் இளைத்தே போயிருந்தார்.

"வாங்க மாமா! சட்டுனு உள்ள வாங்க, கதவைச் சாத்தணும்."

ஏன் இந்த அவசரம்? பக்கத்து வயல்களில் சம்பா அறுவடை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெல் கதிரின் பொடி முள்ளான சுணை பறந்து வந்து மேலே பட்டால் அரிப்பு உயிரை வாங்கிவிடும் — நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பத்து நாளாக எல்லா ஜன்னலும் சாத்தியே கிடந்தன.

உள்ளே போனதும் கண் எரிந்தது.

"என்ன மாப்ளே, கண்ணு இப்படி எரியுது?"

"எல்லாம் சுணைதான் மாமா. எப்படியோ உள்ள வந்துடுது."

சொல்லிவிட்டு ரூம் ஸ்ப்ரேயை எடுத்துப் புஸ் புஸ்ஸென்று அடித்தார். இப்போது மல்லிகை வாசனையோடு கண் எரிந்தது.

குழந்தைக்கான அறையைப் பெருமையாகக் காட்டினார். அலமாரியைத் திறந்ததும் பசை நெடி குப்பென்று அடித்தது. குட்டிச் சட்டைகளுக்கு நடுவே அந்துருண்டை. கட்டிலுக்கு அடியில் மிச்சப் பெயிண்ட், தின்னர் டப்பாக்கள் — மூடி சரியாக மூடாமல்!

எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. போன் பேசுகிற சாக்கில் வெளியே வந்து வரப்பில் நின்றேன். சுணை மேலெல்லாம் கொட்டியது. சொறிந்து சொறிந்து கை ஓய்ந்தது. ஆனால்... கண் எரிச்சலும் தலைவலியும் போயே போச்சு!

செந்திலையும் கூப்பிட்டு நிறுத்தினேன். கால் மணி நேரம் போனது.

"ஆமா மாமா, தலை லேசா இருக்கு" என்றவர், சட்டென்று முகம் வாடினார். "அப்ப நாளைக்குக் குழந்தை? புது வீட்டுலதான் பேத்தி கண்ணு முழிக்கணும்னு ஆசைப்பட்டேனே..."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

பெயிண்ட் காய்ந்தால் கையில் ஒட்டாது, அவ்வளவுதான். அதன் ஆவி அப்புறமும் கிளம்பிக்கொண்டே இருக்கும். அலமாரிப் பசையின் ஆவி இன்னும் நாள் இழுக்கும். ஜன்னலைச் சாத்தினால் அது எங்கே போகும்? ஸ்ப்ரே எதையும் விரட்டாது, தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். அந்துருண்டையின் ஆவியோ பச்சைக் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

டப்பாக்களை இறுக மூடி வெளிக் கொட்டகைக்கு அனுப்பினோம். அந்துருண்டை, ஸ்ப்ரே எல்லாம் அவுட். அலமாரிகளை வெறுமையாக்கித் திறந்து போட்டோம். ஜன்னல்களையெல்லாம் திறந்தோம். ஒரு ஜன்னலைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேன், காற்றை வெளியே தள்ள.

குழந்தை? தாயோடு சில வாரங்களுக்குத் தஞ்சாவூரில் எங்கள் வீட்டில். போனில் சொன்னதும் என் மனைவி துள்ளிக் குதித்தாள்.

"தாராளமா வரட்டும். ஆனா, ஊருக்கு உபதேசம் பண்றவரு முதல்ல வந்து நம்ம பீரோவுல இருக்கிற அந்துருண்டையை எடுங்க!"

எடுத்தேன். ஒரு கிண்ணம் நிறைய இருந்தது.

நேற்று செந்தில் போன் செய்தார். "மாமா, நீங்க சொன்னபடி ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கு. வீடு முழுக்கச் சுணை! அரிப்பு தாங்கல!"

"கண்ணு எரியுதா மாப்ளே?"

"அதெல்லாம் இல்ல."

அப்புறமென்ன? சுணை... குளித்தால் போய்விடும்!