பேட்டரிக் கடையில் ஒரு சீரம்

மதகடிப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். காபி வந்தது, கேசரி வந்தது. பின்னாலேயே பெண்ணின் அம்மா எனக்கு மட்டும் தனியாக ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வெயில்ல வந்தீங்க போல. மூஞ்சத் தொடச்சிக்கங்க தம்பி."

நாங்கள் போனது ஏசி காரில், தை மாதத்துச் சாயங்காலத்தில். என் முகத்தில் இருந்தது வேர்வை இல்லை, எண்ணெய். துடைத்தேன். துண்டும் பளபளத்தது, முகமும் முன்னைவிடப் பளபளத்தது. அந்த அம்மா துண்டை இரண்டு விரலால் திரும்ப வாங்கியதை என் அம்மாவும் பார்த்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "பையன் தங்கமான பையன்னு சொல்றாங்கபா. மூஞ்சி மட்டும் கொஞ்சம் அடங்கட்டுமாம்."

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூட வயதில் வந்துபோக வேண்டிய பருக்கள் வழி தவறி அந்த வயதில் வந்து சேர்ந்திருந்தன. வில்லியனூர் கடைத்தெருவில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிறேன். பேட்டரி வாங்க வருகிறவர்கள் வாரன்டியைக் கேட்பதற்கு முன்னால் என் கன்னத்தைப் பார்த்து வைத்தியம் சொல்வார்கள். பாகூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கல்யாணம் ஆவதற்கு முகம் சரியாக வேண்டியிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கடையில் விற்கும் கிரீம்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். எண்ணெய்மேல் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. ஒரு நாள் போனில் ஒரு பெண் முகத்தில் தடவும் சீரம் செய்வதைப் பார்த்தேன். கொஞ்சமும் எண்ணெய் இல்லாதது, தண்ணீரில் செய்வது. எண்ணெய் வடியும், பரு வரும் முகத்துக்கென்றே சொன்னாள். "முதலில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவள் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது அதுதான். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், கேன் கேனாக அடுக்கியிருந்தது.

மற்றதை ஆன்லைனில் வாங்கினேன். நியாசினமைடு என்ற வெள்ளைப் பவுடர், ஜிங்க் கலந்த இன்னொரு வெள்ளைப் பவுடர், கூழாக்குவதற்கு ஒரு பிசின் பவுடர். அதுவும் ஏறக்குறைய வெள்ளைதான். கிளிசரின், கெட்டுப்போகாமல் இருக்க ஒரு திரவம், அமிலமா காரமா என்று பார்க்கும் காகிதப் பட்டை, உள்ளங்கை அளவில் ஒரு தராசு, கையுறை, மாஸ்க், தலைக்குப் போடும் வலைத்தொப்பி எல்லாம் வந்தன. வீட்டில் வைத்துச் செய்ய முடியாது. அம்மா எந்த வெள்ளைப் பவுடரைப் பார்த்தாலும் ஆப்ப சோடா என்றுதான் எடுப்பாள். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையுறை மாட்டி, மாஸ்க் போட்டு, பவுடரைத் துளித்துளியாக எடை போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் தடவை பிசின் பவுடரை நேராகத் தண்ணீரில் கொட்டினேன். தவளை முட்டைபோல் கட்டி கட்டியாக மிதந்தது. என்ன கலக்கியும் கரையவில்லை. பிசினை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு அப்புறம் தண்ணீர் விட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை, கெட்டுப்போகாமல் காக்கும் திரவம் எதற்கு, கெமிக்கல்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் பாட்டிலுக்குள் மேகம் கட்டி, ஊறவைத்து மறந்துபோன அரிசியின் நாற்றம் அடித்தது. மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது. நூறு கிராமுக்கு ஐந்து கிராம் நியாசினமைடு, ஒரு கிராம் ஜிங்க். காகிதப் பட்டையை நனைத்தால் ஆறு காட்டியது, தோலுக்கு ஏற்ற அளவு. மெல்லிய கூழாக, நிறமே இல்லாமல், தடவினால் பிசுபிசுப்பில்லாமல் உள்ளே போனது. முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்தேன். அரிக்கவில்லை. அன்று ஷட்டருக்குப் பின்னால் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தெருவே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். அந்தச் சமயத்தில் பாய் அடிக்கடி என் கடைப்பக்கம் குனிந்து பார்ப்பார். நானும் கைகாட்டுவேன். வீட்டில் அம்மாவும் மாறியிருந்தாள். திடீர் திடீரென்று சுறா புட்டு செய்வாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என் கண்ணையே உற்றுப் பார்ப்பாள்.

"ஒனக்கு இன்னா கொறை கண்ணு? எதா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

"ராத்திரி தூக்கம் வருதா?"

மதகடிப்பட்டு சம்பந்தம் நழுவிப்போனதற்காகத்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டேன்.

எனக்குத் தெரிந்த டெம்போ டிரைவர் ஒருவனுக்கும் முகமெல்லாம் பரு. அவன் கெஞ்சியதால் சின்ன பாட்டில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். "காசெல்லாம் வேணாம். யாருகிட்டயும் சொல்லிடாத" என்றேன். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் ஊரே என்னைக் கேட்கும் என்ற பயத்தில்தான் சொன்னேன். அதைச் சொன்னபோது பாய் தன் கடை வாசலில் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே நான்கு பூட்ஸ் கால்கள் தெரிந்தன. ஷட்டர் மேலே போனது. ஒரு எஸ்.ஐ., கூடவே புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பியோடு ஒரு கான்ஸ்டபிள். நான் கையுறை, மாஸ்க், வலைத்தொப்பி சகிதம் தராசில் வெள்ளைப் பவுடரோடு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பவுடர் இது?" என்றார் எஸ்.ஐ.

"நியாசினமைடு சார்."

அவர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் உதட்டைப் பிதுக்கினார்.

"விட்டமின் சார். பி த்ரீ."

"விட்டமினுக்கு இன்னாத்துக்குயா ஷட்டர எறக்குற?"

"தூசி வுழும் சார்."

"தராசு?"

"அஞ்சு பர்சன்ட்டுக்கு மேல போனா எரியும் சார்."

"எங்க எரியும்?"

"மூஞ்சில சார்."

எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூஞ்சிக்குத்தான? தடவிக் காட்டு."

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, நாலு சொட்டு எடுத்துத் தடவினேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சீரம் என்றால் அப்படித்தான், பலன் தெரிய மாதக்கணக்காகும் என்றேன். "அவ்ளோ நேரம் இங்க குந்திக்கினு இருக்க முடியாது" என்றார் எஸ்.ஐ. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேட்டார். எஸ்.ஐ. தலையசைக்க, நான் அந்தக் கோலத்திலேயே எழுந்து ஒரு கேனை எடுத்துக் கொடுத்தேன்.

அவருக்குப் பின்னாலேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அம்மா ஓடிவந்தாள்.

"சார், அடிச்சிடாதீங்க சார்! மெரட்டி வுடத்தான் சார் சொன்னேன்!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். துவைக்கும்போது என் சட்டைப் பையில் பவுடர் கவர் ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மா என்னிடம் கேட்கவில்லை. பாயிடம் போய் அழுதிருக்கிறாள். பாய் தனக்குத் தெரிந்த கான்ஸ்டபிளிடம் சொல்லியிருக்கிறார். அதுதான் இந்தச் சிவப்புத் தொப்பி.

"அக்கா அழுதாங்க தம்பி. எனக்கு மனசு கேக்கல" என்றார் வாசலில் நின்ற பாய்.

நான் கையுறையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் நான் சாப்பிட்டது, போதையில் கெட்டுப்போன மகனைத் திருத்துவதற்கான சுறா புட்டு!

எஸ்.ஐ. எழுந்தார். பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார், பவுடரில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார், கூடவே ஒரு பாட்டிலும். விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் போனில், ஒன்றும் இல்லை, ஷட்டரை மட்டும் முழுசாகத் திறந்துவைத்துக்கொள் என்றார். சில வாரம் கழித்து கான்ஸ்டபிள் மட்டும் வந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைக் காட்டினார். தொப்பி விளிம்பு உட்காரும் இடத்தில் வரிசையாகப் பரு இருந்த தடம்.

"அய்யா குடுத்த சாம்பிள் தீந்துடுச்சி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினாள். பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயில் வாசலில், "எம்புள்ள போதை எல்லாம் விக்கல, மூஞ்சிக்கு மருந்து செய்யறான்" என்று அவளே ஆரம்பித்துச் சொன்னாள். அதுவரை போலீஸ் வந்தது தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. கடைக்கு முகங்கள் வர ஆரம்பித்தன. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பேட்டரித் தண்ணியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். முகத்துக்கு அது வேண்டாம், மருந்துக் கடையில் சுத்தமான தண்ணீர் கிடைக்கும், உங்களுக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள், ஊருக்குக் கொடுக்காதீர்கள் என்றார். இரவில் போட ஒரு டியூபும் எழுதிக் கொடுத்தார்.

டியூபும் சீரமும் சேர்ந்து முகம் ஓரளவு அடங்கியது. தரகரிடம் சொன்னேன். அவர் மதகடிப்பட்டில் பேசிவிட்டு வந்து கூப்பிட்டார். "மூஞ்சி பரவால்லன்னுட்டாங்கபா. போலீஸ் வந்ததத்தான் யோசிக்கறாங்க."

இப்போது நான் யாருக்கும் சீரம் கொடுப்பதில்லை. ஆனால் ரகசியமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வீட்டில் இன்வெர்ட்டரே இல்லாதவர்கள் வந்து ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேட்கிறார்கள். முகத்துக்கு இல்லையே என்று கேட்டால், இல்லை, பேட்டரிக்குத்தான் என்று சத்தியம் செய்கிறார்கள். போன வாரம் அப்படிச் சத்தியம் செய்து வாங்கிப்போனது பாய். அவர் கடையில் பேட்டரியில் ஓடுகிற பொருள் என்று பார்த்தால் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.