தண்ணிக் கோட்டுக்கு மேலே ஒரு மொடம்

எங்கள் வீட்டில் இன்டர்நெட் கட்டானால் அப்பா போய் வாசல் கேற்றைப் பூட்டுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

போர்க்காலத்தில் எங்கள் பக்கம் போன் சிக்னல் சும்மா போவதில்லை. போனால் எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது, அல்லது நடக்கப்போகிறது. சுற்றிவளைப்பாக இருக்கும், குண்டாக இருக்கும், இல்லையென்றால் பெரிய ஆள் யாராவது ரோட்டால் போவதாக இருக்கும். அப்பா காரணம் தேடி நிற்கமாட்டார். சைக்கிளை உள்ளே எடுப்பார், கேற்றைப் பூட்டுவார், வீட்டில் எத்தனை தலை என்று எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் அம்மாவைத் திட்டுவார், அம்மாதான் எங்களை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

போர் முடிந்த அடுத்த வருஷம் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. அது சில நாட்களில் ஐந்தாறு தடவை கட்டானது. அப்பாவும் ஐந்தாறு தடவை கேற்றைப் பூட்டினார். போர் முடிந்துவிட்டது என்று நான் ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

“அது தெரியும். இது ஏன் கட்டாகினது?” என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். கம்பஸில் கம்பியூட்டர் படித்து, நல்ல ரிசல்ட்டோடு வெளியே வந்து, வேலை மட்டும் கிடைக்காமல் வீட்டில் குந்தியிருந்தேன். படித்ததற்கு வீட்டுக்கு ஒரு பிரயோசனம் வேண்டாமா? அதனால்தான் இன்டர்நெட்டே எடுத்தோம். இல்லை, அது பொய். எடுத்தது அக்காவுக்காக.

அத்தான் கட்டாரில் வேலை. அக்காவுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது பிளேன் ஏறியவர். இன்டர்நெட் எடுக்கும்போது மகள் பிறந்து இரண்டு மாதம். போட்டோ அனுப்பியிருந்தோம், பார்த்திருந்தார். ஆனால் போட்டோவில் பிள்ளை அசையாதே. அவருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அவர் தங்கியிருந்த தொழிலாளர் காம்புக்குப் பக்கத்தில் ஒரு நெட் கடை, ஜும்மாத் தொழுகைக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குமுன் ஒரு மணித்தியாலம் அவருக்குக் கிடைக்கும். எங்கள் பக்கம் அது பகல் ஒரு மணி.

ஒவ்வொரு வெள்ளியும் பகல் ஒரு மணிக்கு அக்கா சீப்பால் தலை இழுத்து, பிள்ளைக்குப் பவுடர் போட்டு, கமராவுக்கு முன்னால் வந்து இருப்பாள். அத்தானின் முகம் வரும். “கேக்குதா?” “கேக்குது. உங்களுக்குக் கேக்குதா?” “கேக்குது.” இதிலேயே ஒன்றரை நிமிஷம் போய்விடும். மூன்றாவது நிமிஷம் படம் இழுக்கும். நாலாவது நிமிஷம் அத்தான் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோவார். முற்றத்தில் கேற் பூட்டுகிற சத்தம் கேட்கும்.

நான் மேசைக்கு மேலே கை போட்டு, சுவரில் இன்டர்நெட் பெட்டிக்கு இருந்த சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுவேன். லைன் வரும், இரண்டு நிமிஷம் நிற்கும், போகும். இப்படித் துண்டு துண்டாக அத்தான் தன் மகளைப் பார்த்து வந்தார். ஒரு வெள்ளி ஒரு காது. இன்னொரு வெள்ளி பாதிக் கன்னமும் அக்காவின் தோளும்.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. முதலில் டெலிபோன் வயரை மாற்றினேன். பிறகு வெளியே கம்பத்திலிருந்து வருகிற வயரில் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்த இடத்தை வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கினேன். வைரஸ் தேடினேன், ஏராளமாக இருந்தது, கொன்றேன். சிஸ்டம் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு கமரா வேலை செய்யவில்லை, அதைச் சரிசெய்ய இரண்டு நாள் போனது. சரிசெய்ததை எல்லாருக்கும் சொன்னேன். பழுதாக்கியதைச் சொல்லவில்லை.

இன்டர்நெட் கொம்பனிக்குப் போன் பண்ணினேன். தமிழுக்கு மூன்றை அமத்தச் சொன்னார்கள். அமத்தினேன், சிங்களத்தில் ஒருவர் கதைத்தார். என் சிங்களமும் அவரின் பொறுமையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்தன. அடுத்த கிழமை லைன் பார்க்கிற ஆள் காலை எட்டு மணிக்கு வந்தார். லைன் அருமையாக வேலை செய்தது. அவர் இருந்த அரை மணித்தியாலமும் ஒரு கட் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரவிலும் அப்படித்தான். நான் எனக்கு வேண்டியதையெல்லாம் நெட்டிலிருந்து இறக்குவேன், ஒரு பிரச்சினையும் இருக்காது. காலையில் நல்லம், இரவில் நல்லம், அத்தான் வந்தால் மட்டும் கட். படித்தவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பிழை அத்தான் பக்கம்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த நெட் கடை சரியில்லை, வேறு கடைக்குப் போகச் சொல் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் போனார். அந்தக் கடை மூன்று கிலோமீற்றர் தள்ளி. கட்டார் வெயிலில் நடந்து போய், சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, வாயைத் திறந்தபடி அங்கேயும் உறைந்தார்.

இனி மொடத்தை, அந்த இன்டர்நெட் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சுனாமிக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் எதைச் சொல்லத் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல் துண்டில். கடல் வந்து கூரையைக் கொண்டுபோனது, சுவரை விட்டுவிட்டுப் போனது. சுவரில் தண்ணி நின்ற கோடு என் தலைக்கு ஒரு சாண் மேலே. மூன்று தரம் பெயின்ற் அடித்தோம், உப்பு ஊறி ஊறி அந்தக் கோடு திரும்ப வெளியே வந்தது. அதற்குப் பிறகு அப்பா அடிக்கவில்லை. கோட்டுக்கு மேலே, கூரைச் சீற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு நீளத் தட்டு அடித்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதிப் பத்திரம், அக்காவின் கலியாண அல்பம், என் டிகிரி, எல்லாம் பொலித்தீனில் சுற்றி, இறப்பர் பாண்ட் போட்டு அங்கே ஏறின. கடல் எடுத்த ஆட்களைப் பற்றி அப்பா கதைக்கமாட்டார். கடல் எடுத்த கடதாசிகளைப் பற்றித்தான் கதைப்பார். இரண்டு வருஷம் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகப் போய், நாங்கள் பிறந்திருக்கிறோம் என்று நிரூபித்தவர்.

அதோடு ஒரு கடிதமும். சுனாமி முடிந்து ஆறு மாதத்தில், அப்போது போன் தந்திருந்த கொம்பனியிடமிருந்து வந்தது. உங்கள் பாவனையிலுள்ள தொலைபேசிக் கருவி எமது உடைமை, இணைப்பு தேவையில்லையெனில் திருப்பி ஒப்படைக்கவும். கருவி அந்நேரம் வங்காள விரிகுடாவில் யாருடனோ தொடர்பில் இருந்தது. அப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் கிளார்க். கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்கத் தெரியாத மனிதர். நாலு கடிதம் எழுதினார்.

ஆகவே மொடம் வந்த அன்று, இது கொம்பனியின் சொத்து என்று கையெழுத்து வாங்கியவுடனேயே, அதன் இடம் முடிவாகிவிட்டது. கோட்டுக்கு மேலே. நான்தான் ஏறி வைத்து வயர் கொடுத்தேன். கம்பியூட்டர் கீழே மேசையில்தான் இருந்தது. அது எங்கள் சொத்து, கடல் கொண்டுபோகலாம்.

அதற்குப் பிறகு நான் மேலே ஏறவில்லை. சுவிட்ச் கைக்கு எட்டியது. அறிவெல்லாம் கீழே கம்பியூட்டருக்குள் இருந்தது. மேலே ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு புதன்கிழமை அத்தான் அக்காவுக்குப் போன் எடுத்தார். வருகிற கிழமை அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு காம்புக்கு மாற்றுகிறார்கள். ஆறு மாதம், நெட் இல்லை, போனும் எப்போதாவதுதான். இந்த வெள்ளிதான் கடைசி. அக்கா அதைச் சோறு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் வியாழன் முழுவதும் இருந்து சிஸ்டத்தை இன்னொரு தரம் அழித்துப் போட்டேன்.

வெள்ளி ஒரு மணி. வெயில் என்றால் வெயில், சீற் நெளிகிற சத்தம் கேட்டது. அத்தான் வந்தார். கேக்குதா, கேக்குது. பிள்ளை திரையைப் பார்த்துக் கையை நீட்டியது. நாலாவது நிமிஷம் அத்தான் உறைந்தார். நான் சுவிட்சைத் தட்டினேன். இரண்டு நிமிஷம். திரும்பத் தட்டினேன். ஒரு நிமிஷம். வெளியே கேற் பூட்டப்பட்டது.

லைனில் லோட் கூடிவிட்டது, பின்னேரம் பார்ப்போம் என்று நான் தொடங்கினேன். அக்கா முடிக்க விடவில்லை.

“போதும்டா தம்பி. நீ படிச்சது போதும். எழும்பு.”

பிள்ளையை என் கையில் தள்ளிவிட்டு, கம்பியூட்டர் இருந்த மேசையிலேயே ஏறினாள். தட்டில் கை விட்டுத் துழாவினாள். கையைச் சட்டென்று இழுத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் பிடித்து அதை வெளியே எடுத்தாள்.

மொடம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. இரண்டு சுற்று, இறப்பர் பாண்ட், வயர் போக மட்டும் சின்ன ஓட்டை. காணி உறுதிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. நான் வைத்ததற்குப் பிறகு அப்பா ஏறிச் சுற்றியிருக்கிறார். உள்ளே பை இளகி அதன் முதுகில் ஒட்டியிருந்தது. பகல் முழுக்கச் சூடேறுகிற சீற்றுக்கு ஒரு முழம் கீழே, காற்றுப் புகாமல், எட்டு மாதமாக அது அவிந்துகொண்டிருந்தது. காலையிலும் இரவிலும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறது. பகலில் மயங்கி விழுந்திருக்கிறது. நான் கீழே இருந்து வைரஸ் கொன்றிருக்கிறேன்.

“இது கொதிக்குதுடா,” என்றாள் அக்கா. என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

பையைக் கிழித்து எடுத்தாள். வயர் நீளமில்லை. கோட்டுக்குக் கீழே இரண்டு சாண் வரைக்கும்தான் இறங்கியது, மேசைக்கு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளோடு உள்ளே வந்தார். கோட்டுக்குக் கீழே மொடம், தரையில் பொலித்தீன்.

“வை மேல,” என்றார்.

பையில் வைத்ததால்தான் கட்டாகியது என்று நான் விளக்கினேன். வெப்பம், காற்றோட்டம், கம்பஸில் படித்த எல்லாம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

“அது அவங்கட சாமான் புள்ள. நான் கையெழுத்து வச்சிரிக்கன். தண்ணி வாறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்த எண்டு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நானும் அந்த இடத்திலதானே நிண்ட நான்.” அக்கா மேசையிலிருந்து இறங்கவில்லை. “தண்ணி வந்தா இதத் தூக்கிற்று நான் ஓடுறன். புள்ளய நீங்க தூக்குங்க. ஒரு மணித்தியாலம்தானப்பா. மறுகா ஆறு மாசத்துக்கு நீங்க எங்க வேணுமெண்டாலும் வைங்க.”

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அக்காவை இறங்கச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி, மொடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோட்டோடு கோடாக, கோயிலில் தட்டுப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார்.

“ஆறப் போடு இத,” என்று என்னிடம் சொன்னார்.

விசிற ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டில் கைக்கு வந்தது என் டிகிரி இருந்த கடதாசி மட்டை பைல். அதை எடுத்தேன். என் படிப்பு இந்த வீட்டு இன்டர்நெட்டுக்கு முதன்முதலாக உதவியது அப்போதுதான்.

பத்து நிமிஷத்தில் லைன் வந்தது. அத்தான் கடையை விட்டுப் போகாமல் இருந்திருக்கிறார். கேக்குதா என்று கேட்டார். நாலு நிமிஷம் ஆனது. அத்தான் உறையவில்லை. ஏழு நிமிஷம். அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் ஊசி போட்டதைச் சொன்னாள், பல் முளைத்ததைச் சொன்னாள், அம்மாவின் முழங்கால் நோவைச் சொன்னாள். அத்தான் தன் புது காம்பைப் பற்றிச் சொன்னார். பிள்ளை திரையில் இருந்த அவரின் மூக்கை நக்கியது. பன்னிரண்டு நிமிஷத்தில் கதை முடிந்துவிட்டது.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. கலியாணம் கட்டி இரண்டு வருஷத்தில் முக்கால்வாசிக் காலம் போனிலும் நெட்டிலும் நாலு நிமிஷ நாலு நிமிஷமாகவே கதைத்தவர்கள். கட்டாவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பழகியிருந்தார்கள். கட்டாகாவிட்டால் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என்ன கறி என்று அத்தான் கேட்டார். கணவாய் என்று அக்கா சொன்னாள். ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பிள்ளை அக்காவின் மடியில் சரிந்து நித்திரையாகிவிட்டது. எழுப்பட்டா என்று அக்கா கேட்டாள்.

“வேணாம். கமராவக் கொஞ்சம் கீழ திருப்பு. நான் சும்மா பாத்துக்கொண்டிருக்கன்.”

அக்கா திருப்பினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை மூச்சு விடுவதும், வாய் சப்புவதும், ஒரு ஈயை அக்கா ஓட்டுவதும்தான் நடந்தது. நான் விசிறினேன். நான் பிடிக்கிறேன் என்று அப்பாவுக்குச் சைகை காட்டினேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. கட்டாகிவிட்டதா என்று இரண்டு தரம் கண்ணால் கேட்டார். இல்லை என்று இரண்டு தரம் தலையாட்டினேன்.

கடைசியில் அந்தப் பக்கம் கடைக்காரர் சட்டர் இழுக்கிற சத்தம் கேட்டது. வைக்கிறன் என்றார் அத்தான். ஓம் என்றாள் அக்கா. திரை கறுப்பானது.

“கட்டாகிற்றா?” என்று கேட்டார் அப்பா.

“இல்லப்பா. அவர்தான் வச்சவர்.”

“அவராத்தான் வச்சவரா?”

“ஓம். கதைச்சி முடிச்சிற்றுத்தான் வச்சவர்.”

அப்பா கதிரையிலிருந்து இறங்கினார். மொடத்தை என் கையில் தந்தார், எங்கே வைப்பதென்று சொல்லவில்லை. தரையில் கிடந்த பொலித்தீனைப் பொறுக்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேற்றைத் திறக்கப் போனார்.